ஒலிபெருக்கியும் சொல்லின் தெளிவும்

மார்கழித் திருவாதிரைக் காலத்திலே காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்தில் நாதஸ்வரமும் தவிலும் இயல்பாகவே வீதி நிறைப்பன. பண்ணிசைக்கோ பெருங்கூட்டத்தில் ஒலிபெருக்கி வேண்டும். ஒலி பெருகினாற் போதுமோ? சொல்லும் விளங்கவேண்டும் அன்றோ?

பாடுங்கால் உயிரெழுத்தின் வலிமையிற் பெரும்பகுதி நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் கீழே அமையும். வல்லின மெய்களைப் பிரித்துணர்த்தும் கூர்மையோ 2,000 முதல் 4,000 வரையில் மிகுதியும் தங்கும். தாழ்ந்த ஓசை மிகுந்தால் உயர்ந்ததைச் செவியில் மறைத்துவிடும்; உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவு மறைப்பதில்லை. ஆதலால் மிருதங்கத்தின் தொப்பியொலி அதிர அதிரப் பாட்டின் மெய்யெழுத்துக்கள் தேய்கின்றன. பண் எஞ்சுகிறது, பொருள் மறைகிறது. தமிழ் பயிற்றும் எனக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகின்றது.

மருந்தென உயரோசையைக் கூட்டுவோர் பலர். மிகக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிடும், செவியுங் கூசும். மிருதங்கத்தின் தாழோசையையும், பாடுவோர் ஒலிவாங்கியில் 200 முதல் 400 வரையுள்ள மந்தத்தையும் ஈக்குவலைசராற் சிறிது குறைத்தலே முதற்கண் தக்கது. பின்னர் ஒருவர் கடைவரிசையில் நின்று, கண், பண், மண் என்னும் மூன்றும் வேறுவேறாகக் கேட்கின்றனவா எனத் தேர்க.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே குழலின்வழி யாழும், யாழின்வழித் தண்ணுமையும் நிற்கக் காண்கின்றோம். ஒன்றற்கொன்று இடங்கொடுத்தலே இசைவு. அம்முறை ஒலிபெருக்கிக்கும் உரியது.