‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடுவதில்தான் ஆபத்து: வளர்ப்பு நாயைக் காப்பாற்றும் முதல் சில மணி நேரம்

செம்பனை மரத்தடியில் கிடந்த சிறிய மெழுகுக் கட்டி ஒன்றை வீட்டு நாய் வாயில் போட்டு மெல்லுகிறது. அதைப் பார்த்த பிள்ளை ஓடி வந்து சொல்கிறது. பெரியவர்கள் வந்து பார்க்கிறார்கள். நாய் வாலை ஆட்டுகிறது, தட்டில் வைத்த சோற்றைத் தின்கிறது, இரவில் வழக்கம்போல் குரைக்கிறது. “ஒன்றும் ஆகவில்லை, நாளைக்குப் பார்ப்போம்” என்று விட்டுவிடுகிறார்கள். நான்காம் நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து இரத்தம் வடிகிறது.

தோட்டப் பகுதிகளில் எலி விஷம் தின்ற நாய்களின் நிலை பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நாய் நன்றாக இருப்பது போல் தெரிந்ததால்தான் வீட்டார் காத்திருந்தார்கள். ஆனால், நாய்களைக் கொல்லும் ஆபத்துகளில் பல முதல் நாளில் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அறிகுறி தெரியும் வேளையில், எளிதாகச் செய்திருக்கக்கூடிய சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடுகிறது.

தோட்டத்து லயத்திலும் தாமான் வீட்டிலும் நாய் வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய முக்கிய ஆபத்துகளும், அந்த நேரத்தில் செய்ய வேண்டியவையும் கூடாதவையும் இதோ:

எலி விஷம்: மூன்று நாள் மௌனம்

செம்பனைப் பழத்தை எலிகள் தின்று நாசமாக்குவதால் தோட்டங்களில் மரத்தடியில் விஷக் கட்டிகள் வைக்கப்படுகின்றன. தாமான் வீடுகளிலும் கடைகளில் வாங்கிய கட்டிகளைச் சமையலறை மூலையிலும் கூரைக்கு அடியிலும் வைக்கிறார்கள். எலியைக் கவர்வதற்காகத் தானியம் கலந்து செய்யப்படுவதால் நாய்க்கும் அது தின்பண்டமாகவே தெரிகிறது.

இவற்றில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷங்கள். இரத்தம் உறைவதற்கு உடலுக்கு வைட்டமின் கே தேவை. உடல் அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் வழியை இந்த விஷம் அடைத்துவிடுகிறது. உடலில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள்கள் தீரும் வரை நாய் நலமாகவே இருக்கும். அவை தீர்ந்ததும், பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள்களில், இரத்தக்கசிவு தொடங்குகிறது. சோர்வு, இருமல், வெளுத்த ஈறு, மூட்டு வீக்கம், கறுத்த மலம், மூக்கில் இரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். நெஞ்சுக்குள் கசியும் இரத்தம் வெளியே தெரியாமலே உயிரைப் பறித்துவிடும்.

விஷத்தைத் தின்ற முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் கொண்டு சென்றால் கால்நடை மருத்துவர் ஊசி மூலம் வாந்தி எடுக்க வைத்து, வயிற்றிலிருப்பதை வெளியேற்ற முடியும். அந்த நேரம் தவறினாலும் மனம் தளர வேண்டியதில்லை. இரத்தக்கசிவு தொடங்கும் முன் வைட்டமின் கே1 மருந்தைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. விஷத்தின் வகையைப் பொறுத்து இந்த மருந்தைச் சில வாரங்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் கசிவு மீண்டும் தொடங்கலாம்.

எலி விஷம் எல்லாம் ஒரே வகை அல்ல. துத்தநாக பாஸ்பைடு போன்ற வகை வயிற்றில் நச்சு வாயுவாக மாறி, சில மணி நேரத்திலேயே கொல்லக்கூடியது. உணவு வயிற்றுக்குள் போனால் அந்த வாயு இன்னும் அதிகமாக உண்டாகும். எனவே, விஷம் தின்ற நாய்க்குச் சோறு ஊட்டுவது கேடாக முடியலாம். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். கடையில் வாங்கியதாக இருந்தால் அதன் பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். தோட்டத்தில் வைத்ததாக இருந்தால், மண்டோரிடமோ அலுவலகத்திலோ மருந்தின் பெயரைக் கேட்டு, அதன் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் வேண்டாம்

நாய் எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்றும் உள்ளது. வாந்தி வராவிட்டால் அந்த உப்பே இரத்தத்தில் ஏறி வலிப்பை உண்டாக்கி நாயைக் கொல்லக்கூடும். பால் விஷத்தை முறிக்காது. மயங்கிய நிலையில் இருக்கும் நாயின் வாயில் எண்ணெயோ மஞ்சள் தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், கழிப்பறை கழுவும் அமிலம் போன்றவற்றைக் குடித்த நாயை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது புண்ணாக்கியது வெளியே வரும்போதும் புண்ணாக்கும். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயில் மீதம் இருப்பதை எடுத்துவிட்டு, கிளினிக்கை அழைத்து, சொன்னபடி செய்வது.

களைக்கொல்லியும் பழைய போத்தல்களும்

பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனாலும், கொட்டகை மூலையில் பழைய போத்தல் இருந்தால் அதன் நஞ்சு குறைந்துவிடாது. நுரையீரலை மெல்லச் சிதைக்கும் அந்த விஷத்திற்கு மாற்று மருந்து இல்லை. களைக்கொல்லியைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது நாய்க்கு மட்டுமின்றிப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எந்த மருந்து தெளித்தாலும் புல் நன்றாகக் காயும் வரை நாயை அந்தப் பக்கம் விடாமல் இருக்க வேண்டும். தெரியாமல் நடந்து வந்துவிட்டால் அது பாதத்தை நக்குவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது நல்லது.

பாம்பும் தேரையும்

எலி இருக்கும் இடத்திற்குப் பாம்பு வரும். பாம்பைக் கண்டால் நாய் விலகாது, குரைத்துக்கொண்டே நெருங்கும். அதனால்தான் நாய்களுக்கு முகத்திலும் முன்னங்காலிலும் கடி விழுகிறது. நம் நாட்டில் விஷத்தைக் கண்ணில் துப்பும் நாகமும் உண்டு. நாய் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தரையில் தேய்த்தால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கண்ணைக் கழுவிவிட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

கடித்துவிட்டால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ கூடாது. முகமும் கழுத்தும் வீங்கும் என்பதால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும், ஓடினால் விஷம் வேகமாகப் பரவும். பாம்பை அடித்துக் கொண்டு வரத் தேவையில்லை. தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் போதும். விஷமுறிவு மருந்து எல்லாக் கிளினிக்கிலும் இருப்பதில்லை. ஆகவே, புறப்படும்போதே அழைத்துக் கேட்டுக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பாம்பு வீட்டுக்குள் இருந்தால் 999-ஐ அழைத்து உதவி கேட்கலாம்.

மழை பெய்த இரவுகளில் தேரைகள் வெளியே வரும். தேரையைக் கவ்விய நாயின் வாயில் உடனே எச்சில் நுரையாக வழியும். அதன் தோலில் உள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கக்கூடியது. நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீரை ஓடவிட்டு, ஈரத் துணியால் ஈறுகளைத் துடைக்க வேண்டும். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. தள்ளாட்டமோ வலிப்போ தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

விருந்து மிச்சம்

திருமணம், தீபாவளி, பிறந்தநாள் விருந்து முடிந்ததும் மீதக் கறியை நாய்க்கு வைப்பது அன்பின் வெளிப்பாடு. ஆனால், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தத் தன்மை மாறாது. விளைவு சில நாள்கள் கழித்தே சோர்வாகவும் வெளுத்த ஈறாகவும் தெரியும்.

பாயசத்திலும் கேசரியிலும் போடும் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சாக்லேட்டும் சைலிட்டால் கலந்த சர்க்கரை இல்லாத சுவிங்கமும் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பும் ஆட்டெலும்பும் கூராக உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் ஈரலைக் கெடுக்கும். மனிதருக்கான எந்த மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

வெயிலும் வண்டியும்

நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நம் நாட்டின் ஈரமான காற்றில் அதுவும் முழுப் பலன் தருவதில்லை. தகரக் கூரைக்கு அடியில் சங்கிலியில் கட்டிய நாயும், கடைக்குப் போய் வரும் வரை கார்க் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு உள்ளே வைத்த நாயும் ஒரே ஆபத்தில்தான் இருக்கின்றன. ஷீட்சு, பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு வகைகள் இன்னும் விரைவாகச் சாய்ந்துவிடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தடுமாறினால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறியை வைத்து, வண்டியிலும் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு செல்ல வேண்டும். எழுந்து நின்றுவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு அடுத்த நாளில் தெரியலாம்.

உண்ணியும் கறுப்பு எண்ணெயும்

உண்ணி இரத்தத்தை மட்டும் உறிஞ்சுவதில்லை, கிருமியையும் உள்ளே செலுத்துகிறது. உண்ணிக் காய்ச்சல் கடித்துச் சில வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். சாப்பாடு குறைவது, சோர்வு, மூக்கில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் இரத்தப் பரிசோதனை தேவை.

சொறிக்கும் உண்ணிக்கும் வண்டியின் பழைய கறுப்பு எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ பூசுவது தலைமுறைப் பழக்கம். தோலைச் சுடுவதோடு, நாய் நக்கும்போது அது உடலுக்குள்ளும் போகிறது. மாதம் ஒரு முறை கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, மருத்துவர் தரும் மாத்திரையோ இதைவிடப் பாதுகாப்பானது.

தடுப்பூசியையும் மறக்கக் கூடாது. வெள்ளத்திலும் கால்வாய் நீரிலும் எலிச் சிறுநீர் மூலம் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றும். 2017 ஜூலையில் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதாக அறிவிக்கப்பட்ட பிறகு, அங்கே மனித உயிர்களும் பறிபோயின. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்.

இன்றே செய்து வைக்கக்கூடியவை

தோட்டத்திலிருந்து பட்டணத்துக் கிளினிக்கிற்குப் போக ஒரு மணி நேரம் ஆகலாம். இரவில் திறந்திருக்கும் கிளினிக் அதைவிடத் தொலைவில் இருக்கலாம். ஆகவே, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு கிளினிக்குகளின் எண்களைக் கைப்பேசியிலும் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். நாயின் எடையையும் அருகில் குறித்துக்கொள்ளலாம், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

நாய் நலமாக இருக்கும் நாளில் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்து வைப்பது பெரிய உதவி. ஈறு வெளுத்தாலோ, நீலமானாலோ, செங்கல் நிறமானாலோ அது அவசரம். வலியில் இருக்கும் நாய் தன் எஜமானரையும் கடிக்கும். பழைய வேட்டித் துணியால் வாயைச் சுற்றிக் கட்டலாம், ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் அது கூடாது. வண்டியில் அடிபட்டதை இழுக்காமல் பலகையிலோ போர்வையிலோ கிடத்தித் தூக்க வேண்டும்.

பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய் திரும்பி வர, கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருந்தாலே போதும். ஊராட்சி மன்றத்தின் உரிமமும் எடுத்திருந்தால், பிடிபட்ட நாயை மீட்பது எளிது.

செலவை நினைத்தே பலர் காத்திருக்கிறார்கள். ஆனால், முதல் நாள் வாந்தி எடுக்க வைப்பதற்கு ஆகும் செலவு, நான்காம் நாள் இரத்தம் ஏற்றுவதற்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு. பணம் ஒரு சுமையாக இருந்தால் அதை மறைக்காமல் தொலைபேசியிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடலாம், எதை முதலில் செய்வது என்று அவர் வழிகாட்டுவார். நோயிலிருந்தும் வேதனையிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது.

இரவெல்லாம் விழித்திருந்து வீட்டைக் காக்கும் நாய்க்குத் தனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தெரியாது. அது எதைத் தின்றது என்று ஓடி வந்து சொல்லும் பிள்ளையின் பேச்சைக் கேட்டு, அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்தால் அதன் உயிர் பிழைக்கும்.