படச்சுருளும் உடைமையும்

திரைப்படமொன்றை உடைமையாகப் பேணுதலும், இணையவழி வேண்டும்போது காணுதலும் ஒன்றல்ல. இணையத்தில் மாதந்தோறும் கட்டணம் செலுத்துவோர் பெறுவது காணும் உரிமம் மட்டுமே. படத்துக்கான ஒப்பந்தம் முடியின் படமும் மறையும். ஆயினும், ஓரிடத்தே வைத்த உடைமையும் காப்பாகாது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்புக்கூடம் எரியுண்டபோது மூலச்சுருள்கள் பலவும் சாம்பலாயின. 2006இல் கட்டைபறிச்சான் உள்ளிட்ட மூதூர்க் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்நிலையில் இறுவட்டுகளைச் சுமப்பார் யார்? உயிரைச் சுமந்ததே பெரிதன்றோ! ஆதலின், உடைமையாளர் படியொன்றை வேற்றூரிலும் வைத்தல் வேண்டும். வீட்டிற் பதிவுசெய்யும் இறுவட்டின் சாயப்படலம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடுமாதலால், அது கெடுமுன் புதுப்படி எடுத்தலும் இன்றியமையாதது.