பழைய புல்லட்டைப் பிரித்தபோது – 9: எண்ணெய்ப் பம்பு

சென்ற வாரம் டைமிங் கவரைக் கழற்றி மேஜைமேல் வைத்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்தக் கவருக்குள்தான் எஞ்சினின் உயிரைக் காக்கும் இரண்டு பம்புகளும் இருக்கின்றன. கிராங்க் கேஸோடு சேர்த்து வார்க்கப்பட்ட தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, கிராங்கின் உட்துவாரம் வழியாகப் பிக் எண்டுக்குச் செலுத்துவது ஃபீட் பம்பு. அங்கே வேலையை முடித்துக்கொண்டு கீழே வடிந்த எண்ணெயை வாரியெடுத்து, ராக்கர்களுக்கு ஊட்டி, மறுபடியும் தொட்டிக்கே அனுப்புவது ரிட்டர்ன் பம்பு. வடிந்ததெல்லாம் தேங்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காக ரிட்டர்ன் பம்புக்கே கொள்ளளவு அதிகம்.

1955-ல் ரெட்டிச் கம்பெனியாரும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியபின், திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளிலும் இந்த ஏற்பாடே தொடர்ந்தது. பழைய வண்டிகளின் பிக் எண்டில் உருளைகள் கிடையாது. வெள்ளை உலோகம் பூசிய மிதக்கும் புஷ் ஒன்றே உண்டு. இடைவிடாமல் எண்ணெய் கிடைக்குமாயின் அது நெடுங்காலம் உழைக்கும். கிடைக்காவிட்டால் சொற்ப நேரத்தில் நாசமாகும். ஆகவே பம்பைப் பற்றி நான் இவ்வளவு விஸ்தாரமாக எழுதுவதை வாசகர்கள் மிகையென்று எண்ணமாட்டார்கள்.

பம்பின் யுக்தியோ வெகு அழகானது. கிராங்கின் நுனியிலுள்ள வார்ம் ஒரு தண்டை மெதுவாகச் சுழற்ற, அத்தண்டின் இரு முனைகளிலும் மையம் விலகி நிற்கும் சிறு முளைகள், வட்டத்தகடுகளுக்குள் இருக்கும் பிளஞ்சர்களை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுவதோடு, தகடுகளையும் இப்படியும் அப்படியும் அசைக்கின்றன. அந்த அசைவில் தகட்டின் துவாரம் ஒருமுறை உள்வழியையும் மறுமுறை வெளிவழியையும் திறக்கிறது. வால்வென்று தனியாக எதுவுமில்லை. தட்டையான இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதே சகலமும். ஒட்டவைப்பது ஒரு ஸ்பிரிங்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டி, மாதக்கணக்காக நின்று கிளம்பும் போதெல்லாம் வெண்புகையைக் கக்கியது. ஒரு பட்டறையில் இரண்டு தடவை பிஸ்டன் ரிங் மாற்றியும் பலனில்லை. நான் ஃபீட் பம்பின் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அதன் முகத்தில் நகம் தட்டுப்படும்படியான வட்டக்கீறல்கள் இருந்தன. வண்டி நிற்கும் காலமெல்லாம் தொட்டி எண்ணெய் அக்கீறல்கள் வழியே கசிந்து கிராங்க் கேஸில் நிரம்பியிருக்கிறது. ரிங்குகள் என்ன பாவம் செய்தன!

புதுத் தகட்டை வாங்கிப் பொருத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும் பிழை. புதுத் தகடானாலும் தன் ஆசனத்தோடு இழைந்த பிறகே பம்பாகும். கண்ணாடிப் பலகைமேல் மிக நைஸான எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, தகட்டை எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்கினேன். பிறகு பித்தளை துலக்கும் பாலிஷைச் சிறிதே தடவி, ஆசனத்தின்மேல் வைத்து, விரலால் மெல்லத் திருப்பி, நீலமையிட்டுப் பார்த்து, முகம் முழுவதும் ஒரே சீராகப் பதியும்வரை ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டேன். கவர் மென்மையான அலுமினியம். முரட்டுப் பேஸ்டின் துகள்கள் அதில் புதைந்துவிட்டால், இழைக்கும் வேலையைப் பிற்பாடு எஞ்சினே இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும். ஆதலால் மண்ணெண்ணெயில் மூன்று தரம் கழுவி, ஒவ்வொரு துவாரத்திலும் காற்றடித்தேன். தளர்ந்திருந்த ஸ்பிரிங்கையும், கிராங்க் முனையில் எண்ணெய் கசியவிடாமல் தடுக்கும் கார்க் சீலையும் மாற்றினேன். வார்ம் நட்டைக் கழற்ற முயல்பவர்கள் அதன் மரை இடப்புறச் சுற்று என்பதை மறக்கலாகாது.

பம்புகளிலும் வழிகளிலும் எண்ணெய்க்குப்பியால் எண்ணெய் நிரப்பி மூடியபின், ராக்கர் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திவிட்டு வண்டியை உதைத்தோம். முதலில் காற்றுக் குமிழிகள் வந்தன. பிறகு, வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்திருக்க, பொன்னிறமான எண்ணெய் துளித்துளியாகத் திரண்டு வழியத் தொடங்கியது.