ஆம்பியர் முள்ளைப் பாருங்கள்

மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர், லோயர் கேம்பில் மின்சாரமாகிறது. அதை அப்படியே ஊருக்கு அனுப்புவதில்லை. வோல்டேஜைப் பல மடங்கு ஏற்றித்தான் கம்பியில் விடுகிறார்கள். பத்து மடங்கு ஏற்றினால் அதே வாட்ஸுக்கு ஆம்பியர் பத்தில் ஒரு பங்கு போதும். கம்பியில் சூடாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். 1950களின் இறுதியிலிருந்து மின் நிலையத்தில் நடக்கும் இந்தக் கணக்கு, பக்கத்திலேயே இருக்கும் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் இன்னும் சரியாக நுழையவில்லை.

பள்ளியில் படித்ததுதான்: வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட்ஸ். ஆயிரம் வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும்; மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஆம்பியரும் 3.4-க்கு இறங்கும். தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான். மோட்டாரும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். காயில் எரிவது அங்கேதான்.

ஸ்டார்ட்டரை அமுக்கியதும் முள் நாற்பது வரை துள்ளி, மோட்டார் வேகம் பிடித்ததும் ஏழரையில் வந்து நிற்கும். காயிலின் மின்தடை அதற்குள் மாறிவிடவில்லை. சுழலும் மோட்டார் உள்ளே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி, வருகிற கரண்டை மட்டுப்படுத்துகிறது. 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு 415 வோல்ட்டில் இந்த ஏழரை ஆம்பியர் சரி. வோல்டேஜ் 340-க்கு இறங்கினால்? கிணற்றின் ஆழம் குறையாதே! அதே தண்ணீரைத் தூக்க ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காயிலின் சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

கேபிளும் தன் பங்குக்குத் தின்னும். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் 200 மீட்டர் போனால் ஒரு கோருக்கு 2.4 ஓம். ஏழரை ஆம்பியரில் மூன்று கோரிலும் சேர்த்து 400 வாட்ஸ் வீண். மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜில் 31 வோல்ட் வரை காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் இழப்பு 155 வாட்ஸோடு நின்றிருக்கும். 1990 முதல் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம். அது இருக்கவேண்டிய உதவிதான். ஆனால் பில் வராத இடத்தில் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

லைனில் வோல்டேஜ் ஒழுங்காக வந்தால் இத்தனை கணக்கு எதற்கு என்று விவசாயிகள் கேட்பது நியாயமே.

என்னை உறுத்துவது ஓவர்லோடு ரிலேதான். வோல்டேஜ் இறங்கி ஆம்பியர் ஏறும்போது அது டிரிப் ஆகிறது. அதன் வேலையே அதுதான். நாமோ, தண்ணீர் விடும் முறை போய்விடுமே என்ற அவசரத்தில் ரிலேயைத் திருகி உயர்த்துகிறோம், இல்லையென்றால் டைரக்ட் போட்டுவிடுகிறோம். ஃப்யூஸ் கட்டையில் கைக்குக் கிடைத்த கம்பியை நாலு இழையாக முறுக்கி வைக்கிறோம். பிறகு போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கும் கூலி, காயில் கட்டும் செலவு, அது வரும்வரை கொடிக்குத் தண்ணீர் இல்லை.

மோட்டாரின் பெயர்ப் பலகையில் முழு லோடு ஆம்பியர் பொறித்திருக்கும். ரிலே அந்த எண்ணில் நிற்கட்டும். டிரிப் ஆனால் முதலில் வோல்ட் மீட்டரைப் பாருங்கள்; 350-க்குக் கீழே இருந்தால் திரும்பப் போடாதீர்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் ஆம்பியர் ஏறினால் பேரிங், இம்பெல்லர், மூன்று ஃபேஸும் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.