மேல்கம்பியின் துணையால் ஓடும் வண்டி

கிங்ஸ்டன் வீதி வழியே இன்று பஸ்ஸிலும் காரிலும் வெஸ்ட் ஹில்லுக்குப் போய்வரும் ஸ்காபரோத் தமிழருள், ஒரு காலத்தில் அவ்வீதியில் மின்சார டிராம் ஓடிற்று என்பதை அறிந்தவர் சிலரே இருப்பர். 1893-இல் ஆரம்பமாகி, சிறிது சிறிதாகக் கிழக்கே நீண்டு, 1906-இல் வெஸ்ட் ஹில்லை எட்டிய அந்தப் பாதை, மோட்டார் வாகனங்களின் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 1936-இல் மறைந்தது.

அக்காலத்து வண்டிகளைக் கண்ணால் காண்பதோடு நில்லாமல், ஏறிப் பிரயாணமும் செய்ய விரும்புவோர், மில்டனுக்கு வடக்கே கெல்ஃப் லைன் சாலையிலுள்ள ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே என்னும் காட்சிசாலைக்குச் செல்ல வேண்டும். மின்வண்டியில் ஏறும் ஆசைக்காக 401 நெடுஞ்சாலையில் மோட்டார்க் கார் ஓட்டிச் செல்ல நேர்வது காலத்தின் குறும்பு என்றே சொல்லலாம். 1910-இல் மரத்தால் கட்டப்பட்ட 1326-ஆம் எண் வண்டி உடைபடப் போகிறதென்று அறிந்த சில அபிமானிகள், அதனைக் காப்பாற்றும் பொருட்டு 1953-இல் கூடி அமைத்த சங்கமே இந்த ஸ்தாபனத்தின் மூலம். 1895 முதல் ஓடிவந்த சென்னை டிராம் நின்றுபோனதும் அதே 1953-இல்தான். நம்மவர் அவற்றுள் ஒன்றையேனும் ஓடும் நிலையில் வைத்துக் காத்திருக்கலாகாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீராவி எஞ்சின் நிலக்கரியையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு ஓடுகிறது. டிராமோ தன் சக்திக்கு வேண்டிய பொருள் எதனையும் உடன் கொண்டு செல்வதில்லை. கூரையின்மேல் சாய்ந்து நிற்கும் நீண்ட கழியொன்று, வில்சுருளின் விசையால் மேல்நோக்கி உந்தப்பட்டு, உயரே செல்லும் செம்புக் கம்பியின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டே வருகிறது. ஏறத்தாழ 600 வோல்ட் அழுத்தமுள்ள நேர்மின்னோட்டம் அக்கழி வழியே இறங்கி, ஓட்டுநர் முன்னிருக்கும் கண்ட்ரோலர் பெட்டியைக் கடந்து, அச்சுகளை ஒட்டி அமைந்த மோட்டார்களைச் சுழற்றி, சக்கரங்களின் வாயிலாகத் தண்டவாளத்தை அடைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே தண்டவாளம், வண்டிக்குப் பாதையாகவும் மின்சுற்றின் மறுபாதியாகவும் ஒருங்கே பணிபுரிகிறது.

இதில் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது கண்ட்ரோலர். ஓடும் மோட்டார் தானும் ஓர் எதிர்மின்விசையை உண்டாக்கி, தன்னுள் பாயும் மின்சாரத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லையாதலால், முழு அழுத்தத்தையும் ஒரேயடியாகச் செலுத்தினால் அது கருகிவிடக்கூடும். பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி வார்த்துப் பின்னரே சோறிடுவதுபோல, ஓட்டுநர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புகிறார். முதற்படியில் மோட்டார்கள் தொடரிணைப்பில் நிற்க, மின்தடைகளும் குறுக்கே நிற்கின்றன. அடுத்தடுத்த படிகளில் தடைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. பிறகு மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறி, வண்டி முழு வேகம் கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் உடம்பில் மெல்லியதொரு உலுக்கல் தெரியும். பற்சக்கரங்களின் முனகல் சுருதியேறும். பிரேக்குக்கான காற்றை அடைக்கும் யந்திரம் இடையிடையே தரைக்கடியில் படபடக்கும். பிற்காலத்து வண்டிகளில் இக்காரியங்களெல்லாம் மூடிய பெட்டிக்குள் ஓசையின்றி நடந்துவிடுவதால், மின்சாரத்தின் போக்கைப் பிரத்தியட்சமாக உணர்த்துவதில் பழைய டிராமே சிறந்த ஆசான் என்பது என் கட்சி.

தண்டவாள அகலத்திலும் ஒரு விநோதம் உண்டு. உலகில் பெருவழக்கான அகலம் 1435 மில்லிமீட்டர். டொரொன்டோவின் டிராம் பாதையோ 1495. நீராவி ரயில் கம்பெனிகள் தம் சரக்கு வண்டிகளை நகர வீதிகளுக்குள் கொண்டுவராதபடி தடுக்கவே இவ்வாறு செய்தார்கள் என்று பொதுவாகக் காரணம் சொல்லப்படுகிறது. நகரத்தின் பழைய வண்டிகள் ஓட வேண்டுமென்பதற்காகக் காட்சிசாலையும் அதே அகலத்தைக் கைக்கொண்டிருக்கிறது. முன்வாசலில் ஏறி நடுவாசலருகே கட்டணம் செலுத்தும் 1921-ஆம் ஆண்டின் பீட்டர் விட் ரகத்தையும், 1938 முதல் டொரொன்டோவில் ஓடிய பி.சி.சி. ரகத்தையும் அங்கே காணலாம்.

பனிக்காலத்தில் வழக்கமான சவாரி இராது. திறந்திருக்கும் நாட்களை முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம். ஏறியதும் ஜன்னலோர ஆசனத்தைத் தேடாமல், குழந்தைகளை ஓட்டுநரின் கைப்பிடி தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். பாடபுத்தகத்தில் படித்த தொடரிணைப்பும் பக்க இணைப்பும் அவர்களுக்கு அங்கே காதிலேயே விழும்.