எருக்கம்பாலும் இரவல் விஷமும்

மைசூரில் ஏரிக்கரைகளிலும் சாமுண்டி மலையடிவாரத்துத் தரிசுகளிலும் கேட்பாரற்று வளரும் எருக்கஞ்செடியை, கால்நடைகளே பெரும்பாலும் ஒதுக்கிவிடும் அந்தச் செடியை, விரும்பித் தேடிவந்து முட்டையிடுகிற வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியைச் சற்று நின்று கவனிப்பவர்களுக்கு அதன் சுபாவத்தில் ஒரு விசேஷம் புலப்படும்: பட்சிகள் சஞ்சரிக்கும் வெட்டவெளியில், ஒளிய வேண்டிய அந்த அற்ப ஜந்து, ஆரஞ்சு நிறச் சிறகை விரித்து அவசரமில்லாமல் மிதந்து போகிறது.

இந்தத் தைரியத்துக்கு மூலதனம் எருக்கம்பால். உயிரணுவிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் புரதத்தை முடக்கி, இருதயத் துடிப்பையே குலைக்கவல்ல கார்டினோலைடுகள் அதில் உண்டு. புழு இலையைத் தின்கையில் அவ்விஷத்தில் ஒரு பங்கை உடம்பில் சேர்த்து, கூட்டுப்புழுப் பருவம் கடந்து சிறகு முளைத்த பின்னும் கைவிடாமல் வைத்துக்கொள்கிறது. அதே எருக்கைத் தின்னும் வண்ண வெட்டுக்கிளியோ, இளம் பருவத்தில் யாரேனும் பிடித்தால் முதுகிலிருந்து ஒரு திரவத்தையே பீய்ச்சிவிடும்.

சமுத்திரத்திலும் இதே வழக்கம்தான். பில்லோடெஸ்மியம் என்ற ஓடில்லாக் கடல்நத்தை மென்பவளங்களைத் தின்று, மீன்களுக்கு ஒவ்வாத அவற்றின் டெர்பீன் ரசாயனங்களைத் தன் முதுகின் விரல்போன்ற நீட்சிகளில் சேமிக்கிறது. பிறர் விஷத்தை எடுப்பது அப்படியொன்றும் பெரிய சாமர்த்தியமல்ல. எடுத்த விஷம் தன்னைக் கொல்லாதபடி வாழ்வதே சாமர்த்தியம். வெந்தய வரியனின் அமெரிக்கப் பங்காளியான மோனார்க் பூச்சியில், மேற்சொன்ன புரதமே சிறிது மாறியிருப்பதால் விஷம் அதில் சரிவர ஒட்டுவதில்லை.

1960களில் லிங்கன் பிரவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி நீல ஜே பறவைகளுக்கு மோனார்க்கைத் தின்னக் கொடுத்துப் பரீட்சித்தார். தின்ற பறவை வாந்தியெடுத்தது. பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கியது. ஆகாரச் செடிக்குத் தக்கபடி விஷத்தின் அளவு மாறுவதால், அநேகமாக விஷமே இல்லாத பூச்சிகளும் விஷமுள்ள உறவினரின் கியாதியில் பிழைத்துப்போகின்றன என்பதையும் அவர் காட்டினார்.

உறவில்லாத ஒருத்தியும் இந்தக் கியாதியில் பங்கு கேட்கிறாள். பருப்புக்கீரையைத் தின்று வளர்கிற, எருக்கின் பக்கமே போகாத ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற பூச்சியினத்தின் பெண், வெந்தய வரியனின் வேஷத்தை அப்படியே பூண்டு நம்மையும் ஏமாற்றிவிடும். அதன் ஆணுக்கு அந்த வேஷம் கிடையாது. கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு திரிகிறது.