குளிர்காலத்துக்கு முன் வீட்டுச் சூடாக்கல் தொகுதி

மாணவர்களே, வெப்ப இடமாற்றம் என்றதும் நமக்குக் கேத்தலும் கரண்டியுமே நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் ஒரு வீட்டின் குளிர்காலமே இந்த அலகில்தான் தங்கியிருக்கிறது.

அங்கு பெரும்பாலான வீடுகளில் இயற்கை வாயுவை எரிக்கும் கொதிகலன் நீரைச் சூடாக்கும். நீர்ப்பம்பி அந்நீரைக் குழாய்வழியே ஒவ்வோர் அறையிலுமுள்ள ரேடியேற்றர் எனும் உலோகத் தட்டுக்கு அனுப்பும். ரேடியேற்றர் என்ற பெயரைப் பார்த்துக் கதிர்வீசல் என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். அது அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் மேற்காவுகையாலேயே.

கோடை முழுவதும் ஓய்ந்திருந்த தொகுதியைக் குளிர் தொடங்குமுன் இயக்கிப் பார்க்க வேண்டும். தட்டின் கீழ்ப்பகுதி சூடாகவும் மேற்பகுதி குளிராகவும் இருந்தால் காரணம் என்ன? நீரிலும் அடர்த்தி குறைந்த வளி மேலே தேங்கி, சூடான நீருக்கு இடம் விடாமல் இருக்கிறது. தொகுதியை நிறுத்தி ஆறவிட்டு, மேல் மூலையிலுள்ள சிறு வால்வைச் சாவியால் மெல்லத் திறப்பார்கள். "ஸ்ஸ்" என்று வளி வெளியேறி, நீர் கசிந்ததும் மூடிவிடுவார்கள். பின்னர் நீரின் அமுக்கம் ஏறத்தாழ 1 - 1.5 பார் இருக்கிறதா எனப் பார்ப்பார்கள். (கீழ்ப்பகுதி குளிர்ந்திருந்தால் அது வேறு கதை. அடியில் துருச்சேறு படிந்திருக்கும்.)

கொதிகலனைத் திறப்பது வீட்டார் வேலையன்று. பதிவுபெற்ற தொழினுட்பவியலாளர் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். நீலச் சுவாலை மஞ்சளானால் ஒட்சிசன் போதவில்லை என்று சந்தேகியுங்கள். பூரணமற்ற தகனத்தில் காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைகிறது. தலையிடி என்று படுத்தவர் எழும்பாமலே போகலாம். ஆகவே எச்சரிக்கைக் கருவியின் பொத்தானையும் அழுத்திச் சோதிப்பார்கள்.

வினா: நுவரெலியாவில் யன்னல்களைச் சாத்திவிட்டு அறைக்குள் கரிச்சட்டி வைத்து உறங்குவது ஏன் ஆபத்தானது? (2 புள்ளிகள்)